சுங்கைப் பட்டாணியில் பத்து ரப்பர் கொட்டை

எந்திரங்கள் எந்த ஆண்டில் மனிதரைப் போல உரையாடும் என்று கேட்டு வருவதற்காகச் சென்னையிலிருந்து மலேசியாவின் கெடாவுக்குப் போனேன் என்றால் யாரும் நம்புவதில்லை. என் அம்மாவே நம்பவில்லை. "கேக்கறதுக்கு இந்த ஊர்ல ஆளே இல்லையா?" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம், செயற்கை அறிவு எந்த வேகத்தில் வளரும் என்று ஆசிய நாடுகள் சிலவற்றில் விசாரித்து ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. கோலாலம்பூர்ப் பேராசிரியர்களை வேறொருவர் எடுத்துக்கொண்டார். என் பங்குக்குக் கெடாவில் உள்ள சுங்கைப் பட்டாணி வந்தது. பிறை, பினாங்கு பக்கத்துச் சிப் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களும், மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும், வங்கியில் கணினி ஓட்டுபவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள் என்று ஆரோக்கியசாமி என்ற தொழிற்பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்.

கிளம்பும்போது எங்கள் இயக்குநர் ஒரு கேள்வி போட்டார். "அவர்களும் நம்மைப் போலப் பத்து ஆண்டில் வந்துவிடும் என்று சொன்னால் அவர்களுக்குத் தனி அத்தியாயம் எதற்கு? வேறு ஏதாவது சொன்னால் அதை ஏன் நம்ப வேண்டும்?" அவரே வழியும் சொன்னார். அவர்கள் சொந்தமாக யோசிக்கிறார்கள் என்பதையும், யோசித்தது பலிக்கிறது என்பதையும் நான் காட்ட வேண்டும். அடுத்த வாரம் சிங்கப்பூர்க் கூட்டத்துக்குள் காட்டாவிட்டால் அத்தியாயம் கிடையாது. அத்தியாயம் போனால் திட்டத்தில் என் இடமும் போகும். அந்த நாற்காலிக்கு ஒருவர் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார்.

இந்தக் கவலையோடுதான் பட்டர்வொர்த்தில் கப்பலை விட்டு இறங்கி வாடகைக் காரில் ஏறினேன். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு போகும் பழைய டீசல் கார். பாதி வழியில் அது பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் சீனர். நல்ல தமிழில், "இஞ்சின் சூடு. கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்லா" என்றார். சென்னையாக இருந்தால் அந்நேரம் அவருடைய பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, ஓரத்தில் விற்ற ரம்புத்தான் பழத்தை வாங்கி உரித்துத் தின்றார்கள். நானும் தின்றேன். கோபப்பட வாய் காலியாக இல்லை.

மறுநாள் காலை ஆரோக்கியசாமி கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா மேடம்?" ஏதோ இலக்கியமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். காலைச் சாப்பாட்டுக்கே இங்கே அதுதான் பெயர். ரொட்டி சானாயும் மீன் கறியும் வந்தன. தேநீரை ஆற்றுபவர் அதைக் கை நீளத்துக்கு இழுத்து இழுத்து ஊற்றியதைப் பார்த்து, நம்மூர் டீ மாஸ்டர்கள் இங்கே வந்து பயிற்சி எடுக்கலாம் என்று தோன்றியது. சுவையில் நாம்தான் மேல். அதை நான் வெளியே சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆட்கள் வந்தார்கள். மைக் வேலை செய்தது. அதோடு நல்ல சேதி முடிந்தது.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். எந்திரங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டன, சதுரங்கத்தில் இப்போது யாரையும் தோற்கடித்து உட்கார வைத்துவிடுகின்றன, எந்த விஷயம் பற்றியும் மனிதரோடு உரையாடும் எந்திரத்துக்கு எங்கள் நிறுவனம் பத்து ஆண்டு என்று கணித்திருக்கிறது என்றெல்லாம் விளாசினேன். பிறகு கேள்விகளை வைத்தேன். முதல் கேள்வி அந்த உரையாடும் எந்திரம் எப்போது வரும் என்பது. இரண்டாவது உடனே சரிபார்க்கக்கூடியது. கடைத்தெருவில் வானொலியும் கைக்கணக்கியும் விற்கும் காதர் பாய் ஒரு சதுரங்க எந்திரம் வாங்கி வைத்திருந்தார். ஞாயிறன்று உள்ளூர் ஆட்டக்காரர்கள் மூவர் அதோடு மோதப் போகிறார்கள். எந்திரம் மூன்றில் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் எழுந்தார். அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். "அம்மா இந்தியாவிலேருந்து வந்து பத்து வருஷங்கிறாங்க. சரின்னுதான் படுது. சதுரங்கத்துல மூணும் மெஷினுக்குத்தான்" என்றார்.

அடுத்தவர் எழுந்தார். "பத்து. மூணு." அதற்கடுத்தவர், "எச்.எம். சொன்ன மாதிரிதான்." வரிசையாக எல்லாரும் பத்து, மூன்று என்று சொல்லி உட்கார்ந்தார்கள். ஞாயிறன்று எந்திரத்தோடு மோதப்போகிற தோட்டத்து டிரெஸ்ஸர் தனபாலன்கூட, அதாவது எஸ்டேட் மருத்துவமனையைக் கவனிப்பவர், தான் தோற்கப்போவதாகச் சிரித்த முகத்தோடு அறிவித்தார். எனக்கு மைக்கைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

அன்றிரவு ஆரோக்கியசாமி வீட்டில் சாப்பாடு. அவருடைய மனைவி தெரேஸ் பிறையில் சிப் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே மேற்பார்வையாளர். தொழிற்சாலைப் பேருந்து அவரை இறக்கிவிட்டபோது கூட்டம் முடிந்திருந்தது. அந்த வீட்டில் இரண்டு வாரம் ஓடுகிறது. கெடா அரசுப் பள்ளிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பிறை தொழிற்சாலைக்கு ஞாயிறு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஓய்வெடுக்கும் நாளே கிடையாது. சண்டை போட நேரமில்லாததால் நன்றாக இருக்கிறோம் என்றார் தெரேஸ்.

நான் நடந்ததைச் சொல்லிப் பொருமினேன். "நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பத்துன்னுதான்கா சொல்லியிருப்பேன். எச்.எம். என் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்துல என்னைக் கையில ஏந்தினவரு. அவர் முன்னால எப்படி மாத்திச் சொல்றது?"

"உள்ளுக்குள்ள?"

தெரேஸ் மிளகாயில் வதக்கிய சம்பல் நெத்திலியை என் தட்டில் தள்ளினார். "உள்ளுக்குள்ள வேற. செஞ்ச பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்கே சாமியார் திரை போட்டுத்தான் கேக்குறாரு. நீங்க எல்லாரையும் லைட்டு போட்டு உக்கார வச்சுக் கேட்டா உண்மை எப்படிக்கா வரும்?"

கை தட்டோடு நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒரு மேடை இருந்தது. மேடைக்குத் திரையும் இருந்தது. நான் இவ்வளவு படித்துவிட்டு வந்து அந்தத் திரைக்கு முன்னாலேயே நின்று கத்தியிருக்கிறேன்.

ஆண்டை மட்டும் கேட்டால் போதாது என்று முதலிலேயே எனக்கு ஒரு எண்ணம் உண்டு. யாரும் ஒரே ஆண்டில் முழு நம்பிக்கை வைப்பதில்லை. கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று மனம் பிரிந்துதான் கிடக்கிறது. அந்தப் பிரிவை அப்படியே வாங்க வேண்டும். ஆளுக்குப் பத்துக் காய் கொடுத்து, ஐந்து ஆண்டுக்குள், பத்துக்குள், இருபதுக்குள், நாற்பதுக்குள், அதற்கும் பிறகு, ஒருபோதும் இல்லை என்று ஆறு டின் வைத்து, நம்பிக்கைக்கு ஏற்றபடி போடச் சொன்னால் என்ன? காய்க்கு எங்கே போவது என்று யோசித்தேன். ஆரோக்கியசாமி சிரித்தார். "கெடால நின்னுக்கிட்டு கொட்டைக்கு அலையறீங்களே மேடம். இப்ப ரப்பர் காய் வெடிக்கிற காலம்."

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போனேன். செம்மண் பாதை, முந்தின நாள் மழை. ஒரு வளைவில் வண்டி தன் விருப்பப்படி ஒரு பக்கம் போனது, நாங்கள் இன்னொரு பக்கம் போனோம். சேலை முழுக்கச் சேறு. ரப்பர் பால் வாளியோடு வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். "சினிமா ஷூட்டிங்கா?" என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டது என் காதில் விழுந்தது. பிறகு அவர்களே என்னைத் தூக்கிவிட்டார்கள். எதற்கு ரப்பர் கொட்டை என்று கேட்டார்கள். எந்திரம் எப்போது பேசும் என்று எண்ணிப் பார்க்க என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மேலும் கேள்வி கேட்காமல் மளமளவென்று பொறுக்கிக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் காய்கள் பட்டென்று வெடிக்கிற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் நான் குனிந்தேன். பளபளவென்று, பழுப்பில் புள்ளி போட்ட அழகான கொட்டைகள். ஒரு பை நிறையச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி கூட்டினோம். பிஸ்கட் டின்களையும் பால்மாவு டின்களையும் மேடையில் திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன். ஆண்டுக்கு ஆறு டின், சதுரங்க வெற்றிக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை நான்கு டின், இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பத்துக் கொட்டை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்து வந்து ஒத்திகை பார்த்த தெரேஸ் கொட்டையைப் போட்டதும் டணங்கென்றது. பெரிய டின் ஒரு சத்தம், சின்ன டின் வேறு சத்தம். "வெளியே உக்காந்துக்கிட்டே எந்த டின்னுன்னு சொல்லிடுவாங்கக்கா" என்று சொல்லி, எல்லா டின்னுக்கும் அடியில் பழைய துணி திணித்தார். காதர் பாய் தன் பங்குக்கு வானொலியை உரக்க வைத்தார்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நான் ஓரத்தில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். போட்டு முடித்ததும் காரணத்தை மட்டும் சொல்லச் சொன்னேன். யார் என்ன சொன்னார் என்று வெளியே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

ஆனால் அந்தக் குரல்கள்! புதன்கிழமை "பத்து, மூணு" என்று ஒப்பித்த அதே மனிதர்களா என்று அசந்து போனேன். "சிப்பைச் சோதிக்க ஒரு மெஷின் வந்துச்சு. தூசியப் பார்த்துட்டு உடைஞ்சிருக்குன்னு சொல்லுது. திருப்பி அனுப்பிட்டாங்க. கண்ணு வர்றதுக்கே நாளாகும், வாய் அப்புறம்தான்" என்றது ஒரு குரல். "சிப்பு வருஷா வருஷம் சின்னதாகுது. இந்த வேகம் நிக்காது. நாப்பது வருஷத்துக்குள்ள வராட்டி ஆச்சரியம்" என்றது இன்னொன்று. "பேசறதுன்னா எதிர்ல இருக்கிறவர் அண்ணனா, தம்பியா, துவான்னு கூப்பிடற பெரிய மனுஷனான்னு தெரியணும்லா. சதுரங்கத்துக்கு அது தேவையில்ல" என்றது மற்றொன்று. எழுதி எழுதி என் விரல் வலித்தது. இவ்வளவு நல்ல யோசனைகளை மரியாதை என்கிற ஒரு மூடியைப் போட்டு மூடி வைத்திருந்தார்களே என்று சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எல்லாரும் போனபின் டின்களைக் கவிழ்த்தேன். பத்து ஆண்டு டின்னில் ஒரு கைப்பிடியளவுகூட இல்லை. இருபதிலும் கொஞ்சம்தான். நாற்பது டின் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒருபோதும் இல்லை என்பதிலும் சில கிடந்தன. சதுரங்கத்தில் இரண்டு வெற்றி என்ற டின்தான் கனத்தது. மூன்று என்பதில் ஏதோ ஓரிரண்டு பேர் மனம் இருந்தது. ஆக, சொந்த யோசனை கிடைத்துவிட்டது. அது பலிக்குமா என்பது காதர் பாயின் எந்திரத்தின் கையில்.

சனிக்கிழமை சிங்கப்பூரில் இருந்த இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தேன். "ரப்பர் கொட்டையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார், என் காசில். "ஞாயிறு ஆட்டம் முடியட்டும். இரண்டு என்று வந்தால் பேசுவோம். இல்லாவிட்டால் அத்தியாயத்தை மறந்துவிடு" என்றார். ஓர் ஆட்டம் எதையும் முழுதாக நிரூபிக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலி அதில்தான் தொங்கியது.

எனக்கு மனம் சரியில்லை என்று பார்த்து, பள்ளி முடிந்ததும் ஆரோக்கியசாமி என்னைத் தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப் போனார். மெர்போக் ஆறு கடலில் விழுகிற இடம். கரை முழுக்க நெத்திலி காய்ந்தது. வாழையிலையில் சுட்ட மீனும் தொட்டுக்கொள்ளப் புளியும் மிளகாயும் கலந்த சாறும் வந்தன. சாப்பிட முடியாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு மீனை முடித்தேன். அக்கரைக்குப் படகில் போனபோது நட்டாற்றில் மோட்டார் நின்றது. பயணி ஒருவர் மலாயில் ஏதோ கேட்க, படகுக்காரர் மலாயிலேயே பதில் சொன்னார். ஆரோக்கியசாமி மொழிபெயர்த்தார்: "அவசரம்னா நீந்திப் போங்க, பணம் கேக்க மாட்டேங்கிறாரு." சிரித்தேன். அந்த வாரத்தில் கவலை இல்லாமல் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்தது. பள்ளி முடிந்து வந்த அறிவியல் ஆசிரியர் இஸ்மாயில் முதலில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் ஆடினார், ஓர் இடத்தில் ராணியை விட்டுவிட்டார். எந்திரம் சிவப்பு விளக்கைச் சிமிட்டி ஜெயித்தது. அடுத்து தட்டச்சுப் பள்ளி நடத்தும் லிம். அவர் இஸ்மாயிலைவிட நேரம் எடுத்துக்கொண்டு தோற்றார். எந்திரத்துக்கு இரண்டு. இனி மூன்றாவதையும் அது ஜெயித்தால் புதன்கிழமைப் பேச்சு சரி, என் டின்கள் தப்பு.

டிரெஸ்ஸர் தனபாலன் வந்து உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் நடுவில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. எந்திரம் மறந்துவிட்டால் ஆட்டமே செல்லாது. இருட்டில் அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பேட்டரி போட்டிருக்கேன் தங்கச்சி. நான் கடைக்காரன்லா" என்றார் காதர் பாய்.

கோயில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார்கள். தனபாலன் அவசரமே படவில்லை. எதையும் வெட்டவில்லை. காய்களை எல்லாம் நெருக்கி, கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தார். எந்திரத்துக்கு வெட்டத்தான் தெரியும், காத்திருக்கத் தெரியாது. கடைசியில் அது ஒரு சிப்பாயை வீணாக நகர்த்திவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் ராஜா செக் விழுந்து, தப்ப இடமில்லாமல் நின்றது. பெஞ்சுகள் உருள ஆட்கள் எழுந்து தனபாலனைத் தூக்கினார்கள். நான் யாருடைய கையையோ பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். பார்த்தால் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம்.

"ரெண்டுங்கிற டின்லதான் நானும் அதிகம் போட்டேன்" என்றார் அவர், மெதுவாக.

"அப்புறம் ஏன் சார் புதன்கிழமை மூணுன்னீங்க?"

"விருந்தாளி நீங்க. மெஷின் யாரையும் உக்கார வச்சுடும்னு மேடையில சொல்லிட்டீங்க. அப்புறம் நான் இல்லேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்மா?"

அவர்கள் அவரைப் பார்த்துச் சொன்னார்கள், அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எங்கள் இயக்குநரைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். அந்த மழையில் நனைந்துகொண்டே போய் அவருக்குத் தொலைபேசி செய்தேன். இரண்டு என்றேன். "வா, பேசுவோம்" என்றார். சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது என் பையில் ரப்பர் கொட்டை இருந்தது.

சிங்கப்பூரில் பல நாட்டு நிபுணர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் இயக்குநர் பேச வாயெடுத்தார். "சார், ஒரு பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. படம் காட்டும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் டின்களை வைத்து, ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்தேன். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் உள்ளங்கையில் ரப்பர் கொட்டையை உருட்டிக்கொண்டு, வரிசையில் நின்று போய்விட்டு வந்தார்கள். இயக்குநரும் போனார்.

டின்களை அவர்கள் முன்னாலேயே கவிழ்த்தேன். இருபதும் நாற்பதும் மேசையில் குவியலாகக் கொட்டின. பிறகு எங்கள் நிறுவனம் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்த அந்தப் பத்து ஆண்டு டின். கவிழ்த்துத் தட்டினேன். இரண்டே இரண்டு கொட்டை உருண்டு நின்றது.

"இந்தப் பத்து ஆண்டு முதலில் யார் சொன்னது சார்?" என்று கேட்டேன்.

இயக்குநர் யோசித்தார். "ஒரு மாநாட்டில் ஒரு அமெரிக்கர் சொன்னார். பெரிய மனிதர். யாரும் மறுக்கவில்லை." அந்த இரண்டு கொட்டைகளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. உன் அத்தியாயத்தை முதலில் போடு."